அவசரத்துக்குத் தொடக்கூடாத எரிவாயு

டெல்வார்க் நாட்டின் எரிசக்தி வழங்கல் பாதுகாப்பு அதிகாரசபை பனிக்காலம் முழுவதும் சிட்னியில் இருந்து இயங்குவதென்று முடிவெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் மிகவும் நியாயமானது. விறைத்த விரல்களோடு இருப்பவர்களால் குளிரைப் பற்றி நிதானமாக முடிவெடுக்க முடியாது. ஐரோப்பாவில் பனி கொட்டும்போது உலகத்தில் எங்கே வெயில் எறிக்கிறதோ, அங்கேயிருந்துதான் அந்தப் பனியை நடுநிலையோடு பார்க்கலாம். ஆகவே மார்கழி பிறந்ததும் பணிப்பாளர் நாயகமும் பிரதிப் பணிப்பாளரும் ஆலோசகர் பட்டாளமும் சிட்னிப் புறநகரான பரமட்டாவில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடியில் வந்திறங்கினார்கள்.

டெல்வார்க் சின்ன நாடு. முழுச் சனத்தையும் பக்கத்திலுள்ள பிளாக்டவுன் மாநகரசபை எல்லைக்குள் கொண்டுவந்து இருத்தினாலும் கார் நிறுத்த இடம் மிஞ்சும். சொந்தமாக எரிவாயு கிடையாது, நிலக்கரி கிடையாது, மலை இல்லாததால் அணைக்கட்டும் கிடையாது. பாதுகாக்க எதுவும் இல்லாததால் அதைப் பாதுகாக்கும் அதிகாரசபை மிகப் பெரிதாக வளர்ந்திருந்தது. பக்கத்து நாடு தன் எரிவாயுக் குழாயை மூடிய பிறகு டெல்வார்க்கில் மின்சாரம் முறைவைத்துத்தான் வந்தது. வீடுகள் குளிர்ந்தன. அதிகாரசபையின் அறிக்கைகள் மட்டும் சூடாக வந்துகொண்டிருந்தன.

செவன் ஹில்ஸில் ஓர் உறைகுளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அருந்தவனுக்கு இந்த விவகாரத்தில் வேலை எதுவும் இல்லை. ஆனால் அவர் டெல்வார்க்கின் பிரஜை. போரில் ஊரைவிட்டு ஓடியபோது அவரும் அக்கா சிவகௌரியும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பல வருடம் வேலை செய்தார்கள். பிறகு சுஜீவாவைக் கல்யாணம் செய்து அருந்தவன் சிட்னிக்கு வந்துவிட்டார். அக்கா அங்கேயே இருந்துவிட்டா. துறைமுகப் பட்டினத்தில், ஐந்தாம் மாடியில், தனியாக. இரண்டு வருடத்துக்கு முன் வந்த சளிக்காய்ச்சல் அவவுடைய நுரையீரலைப் பழுதாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து மூக்கில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் மெஷின். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

கரண்ட் நின்றால் மெஷினின் பற்றரி கொஞ்ச நேரம் ஓடும். கரண்ட் நிற்பதோ அதைவிடக் கூடிய நேரம்.

அருந்தவன் அதிகாரசபைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 'என் அக்காவின் வீட்டில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், அவருக்கு மூச்சு நின்றுவிடும்.' இவ்வளவுதான் எழுதினார். பதில் வரவில்லை. நியமனம் வந்தது. அதிகாரசபையின் உயர்மன்றத்தில் ஒரு சாதாரண நுகர்வோர் இருந்தாக வேண்டும், அவர் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்பது டெல்வார்க் சட்டம். சிட்னியில் அந்த நாட்டுப் பிரஜைகள் எவரும் சம்மதிக்கவில்லை. அருந்தவனின் முறைப்பாட்டை அதிகாரசபையின் கணினி 'ஆர்வம் தெரிவித்தல்' என்று வகைப்படுத்தியிருந்தது.

"பெரிய ஆக்களோட இருக்கப் போறியள்," என்றாள் சுஜீவா. "அந்த நீலச் சேட்டைப் போடுங்கோ. அக்காவின்ர கதையை முதலே சொல்லிப்போடுங்கோ, பிறகு மறந்துபோவினம்."

முதற் கூட்டத்தன்று பரமட்டாவில் ரோட்டுத் தார் இளகியது. ட்ரெயினால் இறங்கி நடந்ததில் நீலச் சேட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேல்மாடிக் கதவு திறந்ததும் அருந்தவனுக்குப் பல் அடித்தது. உள்ளே அவருடைய களஞ்சியத்தைப் போலவே குளிர். வாசலில் நின்ற இளம்பெண் அவரிடம் ஒரு கம்பளிக் கோட்டை நீட்டினாள்.

"போட்டுக்கோங்கண்ணா, இல்லன்னா காய்ச்சல் வந்துரும்," என்றாள் தமிழில். ஹரிப்பிரியா என்று பெயர். கெல்லிவில்லில் வீடு, ஊர் கோயம்புத்தூர். இங்கே கொள்கை ஆலோசகர்.

"ஏன் பிள்ளை இவ்வளவு குளிர்? ஏசி பழுதோ?"

"பழுதில்ல. இதுக்குப் பேரு ஒருமைப்பாட்டு வெப்பநிலை. அங்க மக்கள் எவ்வளவு குளிர்ல இருக்காங்களோ அதே குளிர இங்க செட் பண்ணிருவாங்க. அப்பத்தான் அவங்க கஷ்டம் நமக்குப் புரியுமாம்."

"அதுக்கு எவ்வளவு கரண்ட் போகும்?"

"அதக் கேக்கக் கூடாதுண்ணா."

பணிப்பாளர் நாயகம் திருமதி கொர்செக் எழுந்தா. உயரமான பெண்மணி. தோளில் நரித்தோல் சால்வை. அவ பேசத் தொடங்கியபோது ஆலோசகர்கள் கையுறைகளோடு கைதட்டினார்கள், சத்தம் வரவில்லை.

"எரிசக்திப் பாதுகாப்பு என்றால் வீடுகளில் விளக்கு எரிவது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள்," என்றா. "விளக்கு எரிந்தால் எரிசக்தி தீர்ந்துபோகும். தீர்ந்துபோவது எப்படிப் பாதுகாப்பாகும்? நம்முடைய நிலத்தடிக் களஞ்சியங்களில் எரிவாயு விளிம்புவரை நிறைந்திருக்கிறது. ஐரோப்பியக் கையிருப்புத் தரவரிசையில் நாம் மூன்றாம் இடம். இந்தச் சாதனைக்காக ஒவ்வொரு குடும்பமும் குளிரில் இருந்து உழைத்திருக்கிறது. அவர்களுக்குத் தலைவணங்குகிறேன்."

வணங்கினா. எல்லோரும் வணங்கினார்கள். அருந்தவனும் வணங்கிவிட்டுக் கையை உயர்த்தினார். அவருடைய டெல்வார்க் மொழி மீன் வெட்டும் மேசையில் பழகியது. அதில் நீளமான சொற்கள் இல்லை.

"களஞ்சியம் நிறைய எரிவாயு இருக்கிறதா?"

"நிறைய," என்றார் பிரதிப் பணிப்பாளர் கலாநிதி பிரானிக். புள்ளிவிபரத்துக்குப் பொறுப்பானவர். மூக்குநுனி சிவந்திருந்தது.

"அதை எரித்து மின்சாரம் எடுக்கலாமா?"

"தாராளமாக. அதற்காகத்தான் வாங்கினோம்."

"பிறகு ஏன் எடுக்கவில்லை?"

பிரானிக் ஒரு குழந்தையிடம் பேசுவதுபோலக் குனிந்தார். "எடுத்தால் கையிருப்பு குறையும். குறைந்தால் தரவரிசையில் இறங்குவோம். இறங்கினால் நாடு பாதுகாப்பற்றது என்று ஆகிவிடும். பாதுகாப்பற்ற நாட்டில் உங்கள் சகோதரி வாழ்வதை நீங்கள் விரும்புவீர்களா?"

"அவசரம் என்று வந்தால்?"

"அவசரத்தில்தான் கையிருப்பு மிகவும் தேவைப்படும். ஆகவே அவசரத்தில் அதைத் தொடவே கூடாது."

அருந்தவன் இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சேர்த்துப் பார்த்தால் விளங்கவில்லை. தன்னுடைய படிப்புக் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டார்.

பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தார். அங்கே காலை.

"நேற்றும் நிண்டது," என்றா அக்கா. ஒரு வசனத்துக்கு இரண்டு மூச்சு எடுத்தா. "ஒட்சிசன் சிலிண்டரில ஒண்டுதான் மிச்சம். ரேடியோவில சொல்லுகினம், எல்லாரும் ஒரே அறைக்குள்ள இருக்கட்டாம். ஒரு அறைதான் இருக்கெண்டால் அரைவாசியில இருக்கட்டாம்."

"நீங்கள் எந்த அரைவாசியில இருக்கிறியள்?"

"கட்டில் இருக்கிற அரைவாசியில." சிரிக்கப் பார்த்தா, இருமல் வந்தது. இருமி முடியும்வரை அருந்தவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். "நீ அந்தப் பெரிய ஆக்களிட்டச் சொன்னனியோ?"

"சொல்லுறன் அக்கா. அடுத்த கூட்டத்தில சொல்லுறன்."

சொன்னார். அடுத்த கூட்டம் முழுவதும் அவருடைய அக்காவைப் பற்றித்தான் நடந்தது. அதிகாரசபை ஒரு தனிமனிதரின் துன்பத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியது அதுவே முதல் தடவை என்று திருமதி கொர்செக் நெகிழ்ந்தா. முதலில், 'மின்தடை' என்ற சொல்லை அருந்தவன் பயன்படுத்தியது திருத்தப்பட்டது. சரியான சொல் 'பங்கேற்பு இருள்'. பிறகு ஒட்சிசன் என்பது எரிசக்தியா என்று ஆராயப்பட்டது. இல்லை, அது காற்று. காற்று சுற்றாடல் அமைச்சுக்கு உரியது. ஆனால் மெஷின் மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் பிரானிக் முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் சகோதரி மூச்சு விடுவது அடிப்படைச் சுமையா, உச்சநேரச் சுமையா?"

"விளங்கவில்லை."

"நாள் முழுவதும் விடுகிறாரா, அல்லது மாலையில் மட்டும் விடுகிறாரா?"

"நாள் முழுவதும்தான் விடுகிறார்," என்றார் அருந்தவன்.

மேசையைச் சுற்றி ஓர் அனுதாபப் பெருமூச்சு எழுந்தது. மாலையில் மட்டும் மூச்சு விடுபவராக இருந்திருந்தால் உச்சநேர நிவாரணத் திட்டத்தில் சேர்த்திருக்கலாம். நாள் முழுவதும் விடுவதால் அவர் அடிப்படைச் சுமை. அடிப்படைச் சுமையைக் குறைப்பதுதான் இந்த வருடத்தின் தேசிய இலக்கு.

"அவரிடம் பேசிப் பாருங்கள்," என்றா திருமதி கொர்செக் கனிவாக.

அருந்தவன் எழுந்து தேநீர் அறைக்குப் போனார். ஹரிப்பிரியா பின்னால் வந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் இனி வரமாட்டன் பிள்ளை. இது விசர்ப்பிடிச்ச இடம்."

"வராம இருக்காதீங்கண்ணா. இங்க சட்டம் ஒண்ணுதான் உண்மையா வேலை செய்யுது. நீங்க கை தூக்கலைன்னா இவங்களால ஒண்ணுமே நிறைவேத்த முடியாது. அது இவங்களுக்கே மறந்துபோச்சு." குரலைத் தாழ்த்தினாள். "நான் வீட்டுக் கடனுக்காக இங்க உக்காந்திருக்கேன். நீங்க உங்க அக்காவுக்காக உக்காருங்க."

மூன்றாம் கூட்டம் கூட்டமல்ல, கொண்டாட்டம். டெல்வார்க் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. எப்படி ஏறியது என்பதைப் பிரானிக் பெருமையோடு விளக்கினார். நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளின் டீசல், மீன்பிடிப் படகுகளின் தாங்கிகள், பாடசாலைகளின் அடுப்பு எண்ணெய் எல்லாமே இப்போது தேசியக் கையிருப்பு. யாரும் தொட முடியாது. பரமட்டா அலுவலகத்தின் கூரையில் உள்ள ஜெனரேற்றரின் டீசலையும் அவர் மறக்காமல் சேர்த்துவிட்டார்.

கேக் வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தபோது கரண்ட் நின்றது.

சிட்னி அன்று வெந்துகொண்டிருந்தது. கீழே கட்டடத்தின் மின்மாற்றி சூடு தாங்காமல் புகைந்துவிட்டதாகக் காவலாளி ஏறிவந்து சொன்னார். லிஃப்ட் ஓடாது, திருத்த நேரம் எடுக்கும், படியால் இறங்கலாம் என்றார். கொர்செக்கின் முழங்கால் இரண்டும் சத்திரசிகிச்சை செய்தவை. அவ இறங்க முடியாது. அவ இருக்கும்போது மற்றவர்கள் இறங்கினால் பதவி உயர்வு இறங்கும். ஆகவே எல்லோரும் இருந்தார்கள்.

ஒருமைப்பாட்டு வெப்பநிலை வேகமாக ஏறியது. திறக்க முடியாத கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் நேராக உள்ளே விழுந்தது. முதலில் கையுறைகள் கழன்றன, பிறகு கோட்டுகள், பிறகு நரித்தோல். கேக் சரிந்து மேசையில் ஓடியது. கொர்செக் கதிரையில் சாய்ந்து கழுத்துப் பொத்தானைப் பிய்த்தா. முகம் வெளிறியிருந்தது. அது நடிப்பல்ல என்று அருந்தவனுக்குத் தெரிந்தது. மூச்சு முட்டும்போது அக்காவுக்கு வரும் அந்த முகத்தை அவர் போன் வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறார்.

"எனக்கு மூச்சு முட்டுகிறது," என்றா. "ஜெனரேற்றரைப் போடுங்கள்."

பிரானிக் தொண்டையைச் செருமினார். "அந்த டீசல் தேசியக் கையிருப்பு, மேடம். கையிருப்பைத் திறக்க அவசரநிலைத் தீர்மானம் வேண்டும்."

"நிறைவேற்றுங்கள்!"

"நுகர்வோர் பிரதிநிதி சம்மதிக்க வேண்டும்."

எல்லோரும் அருந்தவனைப் பார்த்தார்கள். அந்த மாடிக்கு அவர் வந்த நாளிலிருந்து அவரை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தது அப்போதுதான். அருந்தவன் ஹரிப்பிரியாவைப் பார்த்தார். அவள் கேக்கைத் துடைத்துக்கொண்டே ஆமென்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அவர் எழுந்து கொர்செக்குக்குத் தண்ணீர் கொடுத்தார். தன் கோட்டை மடித்து அவவுடைய தலைக்குக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "சம்மதம். தீர்மானத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் மூச்சுவிட முடியாத எவருக்கும் கையிருப்பு திறக்கப்படும்."

"எவருக்கும் என்றால்?" பிரானிக் பதறினார். "சட்டத்தின் முன் கையிருப்பு ஒன்றுதான்! இங்கே டீசலைத் திறந்தால் அங்கே எரிவாயுவும் திறந்துவிடும். நாடு முழுவதும் எரியத் தொடங்கிவிடும்! தரவரிசை..."

"மூச்சு அடிப்படைச் சுமை," என்றார் அருந்தவன். "நீங்கள்தான் சொன்னீர்கள்."

"கையெழுத்துப் போடுகிறேன்," என்றா கொர்செக் கண்ணைத் திறக்காமல். "பிரானிக், வாயை மூடு."

ஹரிப்பிரியா தன் போனிலிருந்து டெல்வார்க்கின் கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்துத் தீர்மானத்தை வாசித்தாள். அங்கே விடியப்போகும் நேரம். கடமையில் இருந்த மனிதர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். பிறகு, "கார்த்திகையிலிருந்து இந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்," என்ற குரல் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

ஜெனரேற்றர் ஓடியது. குளிர்காற்று வந்தது. கொர்செக்கின் கன்னத்தில் நிறம் திரும்பியது. நிறத்தோடு கொள்கையும் திரும்பியது. தீர்மானத்தை உடனே ரத்துச் செய்ய வேண்டும் என்றா. ரத்துச் செய்வதற்கும் நுகர்வோர் பிரதிநிதி வேண்டும். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. அருந்தவன் படியால் இறங்கி ட்ரெயின் ஏறிவிட்டார். அவருக்குப் பின்னேர வேலை.

அடுத்த நாள் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. அவரை நீக்கிவிட்டு வேறு ஆளை நியமிக்கப் பிரானிக் ஏற்பாடு செய்தார். நீக்குவதற்கான கூட்டத்துக்கும் அவர் வரவேண்டியிருந்தது. இதற்கிடையில் டெல்வார்க் தரவரிசையில் கடைசிக்கு வந்துவிட்டது. கொர்செக் நிருபர்களிடம் குரல் தழுதழுக்கச் சொன்னா: "பல வருடம் சேர்த்துவைத்த பாதுகாப்பை மக்கள் பயன்படுத்திவிட்டார்கள். வீடுவீடாக விளக்கு எரிகிறது. நாடு இவ்வளவு ஆபத்தான நிலையில் என்றுமே இருந்ததில்லை."

கடைசியில், பிரதிநிதி கூட்டத்துக்கு வராவிட்டால் கூட்டம் பிரதிநிதியிடம் போகலாம் என்று யாரோ ஓர் ஆலோசகர் கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை ஹரிப்பிரியாவின் குறுஞ்செய்தி வந்தது. 'அண்ணா, எல்லாரும் வேன்ல உங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் வழி தப்பாச் சொல்லியிருக்கேன், பத்து நிமிஷம் கிடைக்கும்.'

"போட்டு வாறன்," என்று அருந்தவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே பின்கதவால் இறங்கினார்.

சுஜீவா முன்கதவைத் திறந்தாள். உயர்மன்றம் முழுவதையும் விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணியும் உழுந்து வடையும் கொடுத்தாள். அவர் எப்போது வருவார் என்று கொர்செக் ஆங்கிலத்தில் கேட்டா. இப்ப வந்துவிடுவார் என்றாள். இன்னொரு வடை வைத்தாள். அதிகாரசபை அந்த வடையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. நாளின் ஒரே தீர்மானம் அதுதான். பிரதிநிதி இல்லாததால் அதுவும் செல்லாது.

அருந்தவன் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கார்ப் பார்க்கில் சாரத்தோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்கா. அந்த நேரத்தில் அங்கே அவ நித்திரையாக இருக்க வேண்டும்.

"என்ன அக்கா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லையடா. நித்திரை வரேல்லை, வெக்கையாக் கிடக்கு. ஹீட்டரைக் குறைச்சுப்போட்டு வந்திருக்கிறன்." ஒரே மூச்சில் முழு வசனமும் சொல்லி முடித்தா. பின்னால் மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது. "கீழ்வீட்டு மனிசி இப்பதான் போறா. அவவின்ர பேரனுக்குச் சளியாம், இஞ்ச வந்துதான் ஆவி பிடிச்சவை. நீ எங்க நிக்கிறாய்? கார்ச் சத்தம் கேக்குது."

"வெளியில நிக்கிறன்."

"அந்தப் பெரிய ஆக்களின்ர வேலை எப்பிடிப் போகுது? கூட்டத்துக்கு ஒழுங்காப் போறனியோ?"

"இல்லை அக்கா. போகாமல் இருக்கிறதுதான் இப்ப வேலை."

அக்காவும் அந்த நாட்டில் பல வருடம் இருந்தவ, விளக்கம் கேட்கவில்லை.

"அப்ப அதை ஒழுங்காச் செய்," என்றா. "இஞ்ச பங்குனி வரைக்கும் குளிர்தான்."